வியாகுல மாதா ஸ்டோர்ஸின் லத்தீன் ஜெபம்

நான் இதுவரை சொன்ன பொய்களிலேயே மிகச் சின்னது "ஆமாப்பா" என்பதுதான். சொல்லி முடிக்க ஒரு விநாடிகூட ஆகவில்லை. ஆனால் அதன் பலனாக ஐந்நூறு காலண்டர்களில் தப்பு அச்சேறியது; ஒரு கம்ப்யூட்டர் திரையும், ஊர்ப் பெரிய மனிதர்களின் முன்னால் எங்கள் அப்பாவின் மானமும் போயின. பெரிய பொய் சொல்கிறவர்கள் கொஞ்சமாவது யோசித்து வைத்துக்கொண்டு சொல்வார்கள். என்னைப் போல எச்சில் விழுங்கும் நேரத்தில் பொய் சொல்கிறவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது.

அப்பாவுக்குச் சென்னை ராயபுரத்தில் கப்பல் சப்ளை தொழில். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் 'வியாகுல மாதா ஸ்டோர்ஸ்' என்று நீல போர்டு மாட்டிய கடை. வெளியிலிருந்து பார்த்தால் மளிகைக் கடை என்றுதான் நினைப்பார்கள். (பால் பாக்கெட் கேட்டு வருகிறவர்களை விரட்டுவது என் பள்ளிக்கால வேலைகளில் ஒன்று.) துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றால், அதில் இருக்கும் இருபது, இருபத்தைந்து பேருக்கு அடுத்த துறைமுகம் வரைக்கும் அரிசி, காய்கறி, கறி, மீன் வேண்டும். கப்பலுக்கே கயிறு, பெயின்ட், பிரஷ், இன்ஜின் துடைக்கக் கழிவுப் பஞ்சு வேண்டும். அதையெல்லாம் பட்டியல் வாங்கி, சேர்த்து, கட்டி, நேரத்துக்குக் கொண்டுபோய் ஏற்றுவது எங்கள் தொழில்.

அப்பா தூத்துக்குடியிலிருந்து இருபத்தைந்து வயதில் வந்தவர். முப்பது வருடம் ராயபுரத்தில் இருந்தும் அவருடைய பேச்சு மட்டும் ரயில் ஏறவே இல்லை. தொழிலிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு கப்பலுக்குக் கட்டின மாதிரி இன்னொரு கப்பலுக்குக் கட்ட மாட்டார். பிலிப்பைன்ஸ் சமையல்காரர் என்றால் வினிகரும் கருவாடும் கேட்காமலே போகும். உக்ரைன் ஆட்கள் என்றால் பீட்ரூட்டும் முட்டைக்கோஸும் இரட்டிப்பாகப் போகும். எந்தக் கேப்டனுக்குச் சர்க்கரை வியாதி, எந்த இன்ஜினியர் பாகற்காய் கேட்பார் என்பதெல்லாம் அவர் மனதில் இருந்தது. காகிதத்தில் ஒரு வரி கிடையாது.

நான் பிலோமினா, பிலோ. அப்போது இருபத்து மூன்று வயது. கம்ப்யூட்டர் சயன்ஸில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு மூன்று மாத வெப் டிசைனிங் படிப்பும் முடித்து, அந்தச் சர்டிபிகேட்டை லேமினேட் செய்து வைத்திருந்தேன். இன்டர்நெட்டை நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன் என்கிற நடையில் ராயபுரத்தில் உலாவிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கடையில் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் நான் உட்கார வேண்டும்.

ஆனால் தூத்துக்குடிப் பெரியம்மா எனக்கு வேறு நாற்காலி பார்த்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு உப்பளம் இருந்தது. பையன் மீது எந்தக் குறையும் இல்லை, போட்டோவில் கொஞ்சம் தூக்கக் கலக்கமாகத் தெரிந்தார், அவ்வளவுதான். அப்பா இரண்டு பக்கமும் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் அந்தப் படிவம் வந்தது. எங்கள் சப்ளையில் பாதி ஒரே ஒரு கப்பல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனி அடுத்த வருடம் முதல் யாரிடம் சாமான் வாங்குவது என்று புதுப் பட்டியல் போடுகிறதாம். டிசம்பர் முடிவதற்குள் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். பெயர், முகவரி, தொலைபேசி, இத்தனை வருட அனுபவம் என்று எல்லாக் கட்டங்களையும் அப்பா நிரப்பினார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. 'வெப்சைட் முகவரி.'

அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, இது உன் படிப்புதான?"

"ஆமாப்பா." (இது உண்மையான ஆமாப்பா.)

"அப்ப இத நீ பாத்துக்கோ. ஒழுங்கா முடிச்சன்னா அந்த நாற்காலியில உக்காரு. நான் பெரியம்மாகிட்ட சொல்லிக்கிடுதேன். முடியலன்னா பெரியம்மா சொல்லுதத நீ கேளு."

என் தலைவிதியை ஒரு கட்டத்துக்குள் அடக்கிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

அந்த நாட்களில் வெப்சைட் செய்ய இரண்டு வழி இருந்தது. ஒன்று, நமக்கென்றே ஒருவர் முதலிலிருந்து உட்கார்ந்து கட்டித் தருவது. இன்னொன்று, யாரோ எங்கோ யாருக்கோ செய்து வைத்த டெம்ப்ளேட்டை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வது. முதல் வழிக்கு ஸ்டெல்லா அக்கா இருந்தாள். கல்லூரியில் எனக்கு சீனியர், திருவொற்றியூரில் ஒரு மாடி அறையில் சொந்தமாக வெப்சைட் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் கூப்பிட்டதும் ஒரு நோட்டோடு கடைக்கு வந்துவிட்டாள். அதில் நாற்பது கேள்விகள் எழுதியிருந்தாள்.

"அங்கிள், உங்ககிட்ட ஒருத்தர் ஏன் வாங்கணும்? பக்கத்துக் கடையில வாங்காம?"

அப்பாவுக்கு முதல் கேள்வியிலேயே கோபம் வந்துவிட்டது. "முப்பது வருசமா வாங்குதாவ. ஏன்னு ஒருத்தனும் கேக்கலியே?"

"இந்தத் தொழில்ல நீங்க மட்டும் செய்யற விஷயம் என்ன?"

"சாமான் குடுக்கேன்."

ஸ்டெல்லா அக்கா பொறுமையாக நோட்டை மூடிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "பிலோ, இது கஸ்டம் சைட். அங்கிள் பேசினாதான் என்னால கட்ட முடியும். எப்படியும் ரெண்டு, மூணு மாசம் ஆகும்."

அவள் போனதும் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் புள்ள என்ன சொல்லிட்டுப் போறா? கஸ்டம்ஸா?"

"கஸ்டம்ஸ் இல்லப்பா. கஸ்டம்."

"அதத்தான கேக்கேன். கப்பலுக்கு ஒரு மூட்டை கத்திரிக்கா ஏத்தணும்னாலே கஸ்டம்ஸுக்கு எத்தன பேப்பர் எழுதுதேன்னு உனக்குத் தெரியும். வெப்சைட்டுக்கும் அங்கன போயி நிக்கணுமா?"

துறைமுகத்துக்காரருக்கு அந்தச் சொல்லுக்கு உலகத்தில் ஒரே அர்த்தம்தான். நான் விளக்கினேன். ஒவ்வொருவருக்கும் தகுந்த மாதிரி தனித்தனியாகச் செய்வது என்று அர்த்தம் என்றேன். "அதுக்கு ஏன் கஷ்டம்னு பேரு வச்சிருக்காவ?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். நான் விளக்குவதை விட்டுவிட்டேன்.

(இப்போது யோசித்தால் ஒன்று உறைக்கிறது. ஊரிலேயே கஸ்டம் வேலை என்றால் என்னவென்று எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அப்பாதான். முப்பது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். 'நீங்க கப்பலுக்குக் கட்டுற மாதிரி' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். எனக்கு அது தோன்றவே இல்லை. சர்டிபிகேட்டை லேமினேட் செய்தபோது மூளையையும் சேர்த்துச் செய்துவிட்டேன் போலிருக்கிறது.)

இரண்டாவது வழிக்கு டோல்கேட் பகுதியில் மூர்த்தி அண்ணன் இருந்தார். பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். தடுப்பு வைத்த ஆறு கம்ப்யூட்டர்கள், வாசலில் ஜெராக்ஸ், கல்லாவில் ஒரு சிடி. அந்த சிடியில் ஐந்நூறு வெப்சைட்டுகள் தயாராக இருந்தன.

"இன்னா தங்கச்சி, இதுக்குப் போயி பேஜாராவுற? ரெடிமேட் சட்டை நீ போட்டுக்கினதே இல்லியா? ஐந்நூறு டிசைன் கீது. இன்னா வோணும் சொல்லு. நாளைக்கே ஏத்திடலாம்."

"கப்பல் மாதிரி ஏதாவது இருக்கா அண்ணே?"

மூர்த்தி அண்ணன் கொஞ்ச நேரம் தேடினார். ஒரு கலங்கரை விளக்கம், நீலக் கடல், ஓரத்தில் பாய்மரப் படகு. பெயரே 'ஹார்பர்'. "இத்தப் பாரு. உங்க நைனாவுக்குன்னே செஞ்ச மாதிரி கீது!"

நான் உருகிப்போய்விட்டேன். அந்தப் படகுக்கு நேர் கீழே வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்தைப் பார்த்து அவள் எதற்கு இவ்வளவு சிரிக்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எங்கள் கடை போட்டோவைப் போட்டேன்.

ஸ்டெல்லா அக்காவுக்கு மூன்று மாதம், மூர்த்தி அண்ணனுக்கு ஒரு நாள். எனக்கு டிசம்பர் முடிய ஐந்து வாரம். நாற்பது கேள்விக்கு அப்பாவிடம் பதில் வாங்குவதைவிட ஐந்நூறில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுலபமாக இருந்தது. தேர்ந்தெடுத்தேன்.

கடையில் இருந்த கம்ப்யூட்டரிலேயே பெயர், முகவரி எல்லாம் மாற்றினேன். முதல் பக்கத்தில் 'நல்வரவு' என்பதற்குக் கீழே இரண்டு பத்தி இருந்தது. லோரெம் இப்சும் என்று ஆரம்பிக்கும். டெம்ப்ளேட் செய்கிறவர்கள், இங்கே உன் சொந்த வார்த்தைகளை எழுதிக்கொள் என்று சொல்வதற்காகப் போட்டு வைக்கும் வெற்று எழுத்து அது. பார்க்க லத்தீன் மாதிரி இருக்கும், படித்தால் பொருள் இருக்காது. எனக்கு அது தெரியும். மூன்று மாதப் படிப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அப்பா பின்னால் வந்து நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். கோவிலில் வாசகம் வாசிக்கிற குரலில் மெதுவாக வாசித்தார்.

"லோரெம்... இப்சும்... தோலோர்... சித் ஆமெத்..."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பூசை லத்தீனில் நடந்த காலத்தில் அப்பா தூத்துக்குடியில் பீடத்தில் உதவி செய்த பையன். சாமியார் லத்தீனில் ஒன்று சொல்ல, பையன் லத்தீனில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்களெல்லாம் ஐம்பத்தைந்து வயதிலும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 'தோலோர்' என்றால் வியாகுலம், அதாவது துயரம், என்பது மட்டும் அர்த்தத்தோடு தெரியும், ஏனென்றால் அது எங்கள் மாதாவின் பெயர். கடையின் பெயர்.

நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "வியாகுல மாதாவுக்கு ஜெபம்... லத்தீன்ல... இத நீயா தேடிப் போட்ட?"

அப்பா என் தலையில் கை வைத்தார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவர் அப்படிச் செய்ததில்லை. பக்கத்தில் அந்தக் காலி நாற்காலி தெரிந்தது.

"ஆமாப்பா," என்றேன்.

அதுதான் அந்த விநாடி.

"நல்லாருக்கு. ஒரு எழுத்துதான் தப்பா விழுந்திருக்கு பாரு. ஆமெத் இல்ல, ஆமென். திருத்து."

நான் திருத்தினேன். அதற்குமேல் அந்தப் பத்தியைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அன்றைக்குச் சாயங்காலமே அப்பா அச்சகத்துக்குப் போய்விட்டார். வருடா வருடம் கடை பெயரில் காலண்டர் அடித்து கப்பல்களுக்கும், பங்குக் கோவிலுக்கும், சொந்தக்காரர்களுக்கும் கொடுப்போம். அந்த வருடக் காலண்டரில் வியாகுல மாதா படத்துக்குக் கீழே, தங்க நிறத்தில், கொட்டை எழுத்தில் ஒரு வரி வந்தது. லோரெம் இப்சும் தோலோர் சித் ஆமென். ஐந்நூறு பிரதி.

காலண்டர் வந்து இறங்கியபோது கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான்தான். ஆனாலும் சொல்லவில்லை. லத்தீன் தெரிந்தவர்கள் ராயபுரத்தில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அப்பா அதற்கும் ஒரு வழி செய்தார். எங்கள் சனத்தில் புது வீடோ, வண்டியோ, படகோ, எது வந்தாலும் சாமியாரை அழைத்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது வழக்கம். "கடைய மந்திரிச்சோம், டெம்போவ மந்திரிச்சோம். வெப்சைட்டு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார் அப்பா. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வெப்சைட் மந்திரிப்பு என்று முடிவானது. உலகத்தில் வேறெங்காவது இது நடந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

வந்தவர்கள் பட்டியலைச் சொல்கிறேன். கப்பல் கம்பெனியில் சப்ளையர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி கேப்டன் ராஜகோபால், ஓய்வுபெற்ற மாலுமி, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் மறித்துக்கொண்டதால் முக்கால் மணி நேரம் தாமதமாகவும் கடுகடுப்பாகவும் வந்தார். பங்கின் சின்னச் சாமியார், குருமடத்திலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்த இளைஞர். பக்கத்துக் கடைக்காரர்கள். அம்மாவின் ஜெபமாலைக் கூட்டம். சந்தன நிறச் சட்டை போட்ட மூர்த்தி அண்ணன், நாங்கள் கூப்பிட்டுத்தான் வந்திருந்தார்.

கம்ப்யூட்டருக்கு மல்லிகைப்பூ மாலை போட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு மெழுகுவர்த்தி. மூர்த்தி அண்ணன் போன் லைனைச் செருகி இன்டர்நெட்டைக் கூப்பிட்டார். மோடம் வழக்கம்போல் கீச்சென்று அலறியது. அம்மாவும் ஜெபமாலைக் கூட்டமும் அதையும் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டு பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டார்கள். கலங்கரை விளக்கமும் கடலும் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல வந்தன.

அப்பா தொண்டையைச் செருமினார். "சாமி, என் மக லத்தீன்ல ஒரு ஜெபம் போட்டிருக்கா. நீங்க படிச்சவுக. அதுக்கு அர்த்தத்தத் தமிழ்ல சொல்லி ஆரம்பிச்சு வைங்க."

சாமியார் திரைக்கு முன்னால் குனிந்தார். அவர் உதடு அசைந்தது. இரண்டாவது வரியில் நின்றது. பிறகு அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. (பாவம் அந்த மனிதர். பொய் சொல்லவும் முடியாது, உண்மை சொல்லவும் மனசு வராது. அதற்குக் குருமடத்தில் பாடம் இருக்கிறதா தெரியவில்லை.)

"இது... வேதனையைப் பத்தினது," என்றார் கடைசியில். "முக்கியமா வேதனையைப் பத்தினது."

அத்தோடு முடிந்திருக்கும். மூர்த்தி அண்ணனுக்குத்தான் அந்தப் பாராட்டில் பங்கு வேண்டியிருந்தது.

"இது நம்ம சிடில வர்ற மேட்டர்தான் ஃபாதர்," என்றார் பெருமையாக. "எல்லா டிசைன்லயும் இதான் கீது. தண்டையார்பேட்டை ஜிம்முக்குப் போட்டேன், அதுலயும் இத்தான். செருப்புக் கடைக்குப் போட்டேன், அதுலயும் இத்தான். எவனும் படிக்க மாட்டான், சும்மா இடத்த ரொப்பறதுக்கு."

கேப்டன் ராஜகோபால் நாற்காலியை இழுத்துப் போட்டு மவுஸைக் கையில் எடுத்தார். 'எங்கள் சேவைகள்' என்ற இடத்தில் அழுத்தினார்.

அந்தப் பக்கத்தை நான் திறந்தே பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குள் என்ன இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. பக்கம் மெல்ல இறங்கி வந்தது. முதலில், நான் முன்பு துரத்திவிட்ட அதே வெள்ளைக்காரப் பெண், அதே முப்பத்திரண்டு பல். அவளுக்குக் கீழே வரிசையாக ஆங்கிலத்தில் இருந்ததை கேப்டன் தமிழாக்கியே வாசித்தார்.

"வலியில்லாமல் பல் பிடுங்கப்படும். பல் வெண்மையாக்கப்படும். குழந்தைகளின் ஈறுக்குத் தனி கவனம்." கண்ணாடியை இறக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். "மிஸ்டர் மிக்கேல், இதெல்லாம் கப்பல்லயே வந்து செய்வீங்களா, இல்ல ஆளைக் கரைக்கு அனுப்பணுமா?"

பாவப்பட்ட சாமியார் எப்படியாவது இதை முடித்துவிட நினைத்தார். அவசரமாக ஜெபத்தைச் சொல்லி, தீர்த்தச் செம்பை வாங்கி, கை நிறைய அள்ளி ஓங்கித் தெளித்தார். அந்தக் காலத்துத் திரைக்குப் பின்னால் மேல்பக்கம் முழுக்கத் துவாரம். 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, பிறகு இருட்டு. அந்த ஒரு காரியத்துக்காக நான் ஆண்டவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அப்பா மேஜையிலிருந்த காலண்டர் ஒன்றை எடுத்தார். தங்க எழுத்தை விரலால் தடவினார். கேட்டது சாமியாரை அல்ல, மூர்த்தி அண்ணனை அல்ல, என்னைத்தான்.

"அப்ப இதுக்கு அர்த்தமே கிடையாதா?"

"இல்லப்பா."

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி," என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. எல்லோரும் காலண்டரையும் என்னையும் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

கேப்டனுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "பல்லை விடுங்க மிஸ்டர் மிக்கேல். நிஜமா நீங்க என்ன பண்றீங்க? அதைச் சொல்லுங்க," என்றார்.

அப்பா சொன்னார். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நிறுத்தாமல். கிறிஸ்துமஸுக்குக் கடலில் இருக்கப்போகிற கப்பல்களுக்கு ஒரு மாதம் முன்னாலேயே கேக் எப்படி அனுப்புகிறார் என்று சொன்னார். தன் அம்மா இறந்த செய்தியை நடுக்கடலில் கேட்ட ஒரு பர்மாக்காரச் சமையல்காரன் ஒரு வாரம் சமைக்கவே இல்லை என்று கேள்விப்பட்டு, அந்தக் கப்பல் வந்தபோது எங்கள் வீட்டிலிருந்து இருபத்திரண்டு பேருக்கும் மீன்குழம்பு வைத்து ஏற்றியதைச் சொன்னார். அந்த மீன்குழம்பு எனக்கு நினைவிருந்தது. ஏன் அவ்வளவு பெரிய பாத்திரத்தில் வைத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்டெல்லா அக்காவின் நாற்பது கேள்விகளில் பாதிக்கு மேல் பதில் அந்தப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. எழுதிக்கொள்ள யாரிடமும் நோட்டு இல்லை.

கேப்டன் எழுந்தார். "இதுல ஒரு வரிகூட உங்க சைட்ல இல்லையே," என்றார். "ஆனா ரூல் ரூல்தான். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள சரியான முகவரி வேணும்." கேக் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு காலண்டர் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

"எங்க கொண்டு போற?" என்றார் அப்பா.

"பழைய பேப்பர் கடைக்கு."

"கீழ வை."

வைத்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்து வயசுல பீடத்துல நின்னேன். சாமி கேப்பாவ, நான் பதில் சொல்லுவேன். ஒரு எழுத்துக்கு அர்த்தம் தெரியாது. அதெல்லாம் ஆண்டவர் காதுல விழலன்னு சொல்லுதியா?"

நான் கட்டுகளை நேராக அடுக்கினேன்.

"நீ பொய் சொன்னது வேற விசயம். அதுக்கு நீ பாவசங்கீர்த்தனத்துக்குப் போயி சாமிகிட்ட சொல்லு. ஆனா இதுக்கு அவன் அர்த்தம் வைக்காட்டிப் போறான். அந்த ஆமென் நான் வச்சது." காலண்டரை மறுபடி மேஜையில் வைத்தார். "எல்லாருக்கும் குடு. பிறவு அந்த நாப்பது கேள்வி கேட்ட புள்ளயக் கூப்பிடு."

ஸ்டெல்லா அக்கா வந்தாள். அப்பா ஒரு வாரம் உட்கார்ந்து பதில் சொன்னார். சைட் அழகாக வந்தது, கப்பல் கப்பலாக, சமையல்காரர் சமையல்காரராக. ஆனால் வந்தது மார்ச்சில். அதுவரைக்கும் பழைய டெம்ப்ளேட்டையே துடைத்து அனுப்ப அப்பா சம்மதிக்கவில்லை. கம்பெனிப் பட்டியல் டிசம்பரோடு மூடிவிட்டது. அந்த ஒரு வருடம் எங்கள் சப்ளையில் பாதி இல்லை. நானும் அப்பாவும் எண்ணூர்ப் பக்கம் வரும் சின்னக் கப்பல்களைத் தேடிப் போய்ப் போய் எப்படியோ ஓட்டினோம். அந்த வருடம் முழுக்க அம்மா புதுச் சேலை எடுக்கவில்லை. அதற்குக் காரணம் நான் என்பதை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, நானும் மறக்கவில்லை. அடுத்த பட்டியலில் எங்கள் பெயர் இருந்தது. உப்பளச் சம்பந்தம் அதுவரை காத்திருக்கவில்லை. நாற்காலியை அப்பா கொடுத்தார், அதற்கு நேர் எதிர்ச் சுவரில் அந்தக் காலண்டரையும் மாட்டினார்.

தனியாகக் கட்டுவதா, தயாராக வாங்குவதா என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு உறுதியான பதில் கிடையாது. ஸ்டெல்லா அக்கா கட்டித் தந்ததும் என்றைக்கும் நிலைக்கவில்லை. அவள் கல்யாணமாகி ஆஸ்திரேலியா போனபின் அதில் ஒரு போன் நம்பரை மாற்றக்கூட யாருக்கும் வழி தெரியவில்லை. எதை எங்கே வைத்திருந்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கடைசியில் மறுபடியும் ஒரு டெம்ப்ளேட்டுக்குத்தான் மாறினோம். ஆனால் இந்தத் தடவை போடுவதற்கு அப்பாவின் வார்த்தைகள் கையில் இருந்தன. எந்தச் சட்டியில் வைத்தால் என்ன, முதலில் குழம்பு இருக்க வேண்டும் என்று நான் கேட்கிறவர்களிடம் சொல்வேன். அவர்கள் தலையாட்டிவிட்டு விலை கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் 'லோரெம்' என்றால் இப்போது தனி அர்த்தம். என் மகளிடம் வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்டால், "லோரெம்தான்மா" என்பாள். நோட்டில் ஏதோ கிறுக்கியிருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை என்று பொருள். பண்டிகைச் சாப்பாட்டில் தம்பி எழுந்து நின்று மிகுந்த பக்தியோடு "லோரெம் இப்சும் தோலோர் சித்..." என்று இழுப்பான். மேஜை முழுக்க "ஆமென்" என்று கத்தும். அப்பா இருந்தவரைக்கும் அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வார், சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.

போன மாதம் எங்கள் சைட்டைப் பார்த்துக்கொள்ளும் புதுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ரொம்ப மரியாதையாகப் பேசினாள். "மேடம், முதல் பக்கத்துல அடியில டம்மி டெக்ஸ்ட் ஒரு வரி எடுக்காம விட்டிருக்காங்க. லோரெம் இப்சும். அதுலயும் கடைசி எழுத்துல ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருக்கு. தூக்கிடட்டுமா?"

"வேண்டாம்மா," என்றேன். "அந்த வரியில மத்ததெல்லாம் டெம்ப்ளேட். அந்த ஒரு எழுத்துதான் கஸ்டம்."